மாரடைப்புக்குப் பிறகு பாதாம் எத்தனை, கச்சான் கூடாதா, தேங்காயை நிறுத்த வேண்டுமா?

நீங்கள் கேட்டது நாலே வரி. அப்பாவுக்கு 61 வயது, போன மாதம் மாரடைப்பு வந்து, இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் ஒன்று வைத்து உப்புவெளி வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். அண்ணா கனடாவிலிருந்து பாதாம், வால்நட், கஜு என்று ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை கொடுக்கலாம், கச்சான் கூடவே கூடாது என்கிறார்களே அது சரியா, தேங்காயை அடியோடு நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறதாக எனக்குப் படுகிறது: இது திரும்ப வராமல் இருக்கக் குசினியில் என் கையால் என்ன செய்யலாம்? அதற்கே பதில் எழுதுகிறேன், பாதாம் கணக்கும் அதற்குள் வந்துவிடும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் இதய வைத்திய நிபுணர் இல்லை. திருகோணமலையில் மருத்துவ விடுதியிலும் பிறகு கிளினிக்கிலும் பல வருடம் வேலை செய்த தாதி. மாரடைப்பு வந்தவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில் கட்டிலடியில் நின்று, அவரோடும் அவருக்குச் சமைக்கிறவரோடும் சாப்பாடு பற்றிப் பேசுவது என் பொறுப்பாக இருந்தது. உங்கள் அப்பாவின் இரத்தப் பரிசோதனையோ எக்கோ என்ற இதய ஸ்கான் அறிக்கையோ என் முன்னால் இல்லை. ஆகவே குளிசையில் ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ சொல்லமாட்டேன். சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதிலும் சிறுநீரகம் பற்றிக் கீழே எழுதியிருக்கும் பகுதியைப் படிக்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

பாதாம் கணக்கு இதுதான். உப்புப் போடாத, எண்ணெயில் பொரிக்காத கொட்டை வகை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 30 கிராம், அதாவது ஒரு சிறங்கை. பாதாம் மட்டும் என்றால் 23, 24 பருப்பு வரும். வால்நட் மட்டும் என்றால் பாதிப் பருப்பாக 14 துண்டு. கஜு மட்டும் என்றால் 18 அளவில். மூன்றும் இருப்பதால் எட்டுப் பாதாம், நாலைந்து துண்டு வால்நட், ஐந்தாறு கஜு என்று கலந்து கொடுங்கள். பல் கட்டியிருந்தால் இடித்துப் பொடியாக்கி, குரக்கன் கஞ்சியிலோ ஓட்ஸிலோ தூவிக் கொடுக்கலாம். இரவில் ஊறவைத்துத் தோலுரிக்க வேண்டும் என்று சொல்வார்கள். மெல்லச் சுகம் என்றால் ஊறவையுங்கள், தோலில் கெடுதல் ஒன்றும் இல்லை, நார்ச்சத்துத்தான்.

இனித்தான் முக்கியமான இடம். அந்த ஒரு சிறங்கையில் ஏறத்தாழ 175 கலோரி இருக்கிறது, ஒரு கோப்பைச் சோற்றுக்குக் கொஞ்சம் குறைவு. மற்றதெல்லாம் அப்படியே இருக்க இதை மேலதிகமாகக் கொடுத்தால் ஆறு மாதத்தில் வயிற்றைச் சுற்றித் தெரியும். கிளினிக்கில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான். காலையில் பாதாம் சாப்பிடுகிறேன் மிஸ் என்று பெருமையாகச் சொல்வார்கள். பின்னேரம் தேத்தண்ணீரோடு என்ன என்று கேட்டால் கொஞ்சம் தயங்கிவிட்டு, கடை றோல்ஸ் இரண்டு, இல்லாவிட்டால் பருப்பு வடை, அதுவும் இல்லாவிட்டால் கிறீம் பிஸ்கட் என்று வரும். அந்த இரண்டு றோல்ஸும் பல தடவை சூடாக்கிய எண்ணெயில் பொரித்தவை. அவற்றோடு பார்த்தால் காலைப் பாதாம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்த மாதிரி, மனதுக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான். ஆகவே பாதாமைக் காலையில் கொடுக்காதீர்கள். நாலு மணிக்கு, அந்த வடையும் பிஸ்கட்டும் இருந்த தட்டில் வையுங்கள். ஒரு சின்னப் போத்தல் மூடியை அளவாக வைத்துக்கொண்டு அதில் எடுத்துக் கொடுத்துவிட்டு, டப்பாவை உள்ளே வையுங்கள். டப்பா மேசையில் இருந்தால் தொலைக்காட்சிச் செய்தி முடிவதற்குள் பாதி காலியாகிவிடும். கஜு விஷயத்தில் இது இன்னும் நிச்சயம்.

இதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் வால்நட் இரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் என்றுகூட எழுதுகிறார்கள். கரைக்காது. கொட்டை வகைக்கு ஆதரவாக அதிகம் பேசப்படுவது ஸ்பெயினில் நடந்த ஒரு பெரிய ஆய்வு. ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்ட அந்த ஆய்வின் ஒரு பிரிவினருக்கு மத்தியதரைக்கடல் பாணி உணவோடு நாளொன்றுக்கு 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றையும் கூட்டிப் பார்த்தபோது ஏறத்தாழ 30 வீதம் குறைவு. 2013இல் வெளியான அந்தக் கட்டுரையை, ஆட்களைப் பிரித்த முறையில் பிழை கண்டு மீளப்பெற்று, 2018இல் திருத்தி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் மாரடைப்பு வராதவர்கள், வரக்கூடிய ஆபத்தில் இருந்தவர்கள். தெளிவாகக் குறைந்ததும் பக்கவாதம்தான். உங்கள் அப்பாவின் நிலைக்கு அது நேரடிச் சாட்சி ஆகாது.

மாரடைப்பு வந்தவர்களிடமே நடந்த ஆய்வுகளும் உண்டு. பிரான்ஸின் லியோன் நகரில் 605 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரிடம் காய்கறி, பழம், பருப்பு வகை, மீன் ஆகியவற்றைக் கூட்டி, இறைச்சியையும் வெண்ணெயையும் குறைக்கச் சொன்னார்கள். 1999இல் வந்த இறுதி அறிக்கையின்படி அந்தப் பிரிவில் மறுபடி மாரடைப்பு வந்ததும் இதய நோயால் இறந்ததும் மற்றப் பிரிவின் பாதிக்கும் கீழே. சின்ன ஆய்வு என்பதால் அந்த அளவு பலனை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2022இல் ஸ்பெயினின் கோர்டோபாவிலிருந்து வந்தது இன்னும் பயனுள்ளது. ஏற்கனவே இதயக் குழாய் நோய் உள்ள 1002 பேரை ஏழு வருடம் பார்த்தார்கள். ஒலிவ் எண்ணெயை முதன்மையாகக் கொண்ட உணவு சாப்பிட்டவர்கள், கொழுப்பைக் குறைத்து மாச்சத்தைக் கூட்டிச் சாப்பிட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். நம் ஊரில் மாரடைப்பு வந்ததும் என்ன நடக்கிறது? மீன் வேண்டாம், கறி வேண்டாம், எண்ணெய் வேண்டாம் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வெள்ளைச் சோறும் இரசமும் அப்பளமும் கொடுக்கிறோம். பத்தியம் என்று பெயர். அந்த ஆய்வில் தோற்ற தட்டுக்கு அதுதான் கிட்ட நிற்கிறது.

ஆக, நிச்சயம் என்று சொல்லக்கூடியது முழு உணவு முறையைப் பற்றித்தான். கொட்டை வகை அதில் ஒரு துண்டு. கெட்ட கொலஸ்ட்ரோலை அது குறைக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டுக் கணக்கில், நாளுக்கு 67 கிராம் சாப்பிட்டபோது கிடைத்த குறைவு 7 வீதம் அளவில். இரவில் போடும் அட்டோவஸ்டற்றின் குளிசை உயர்ந்த அளவில் 50 வீதத்தைத் தொடுகிறது. இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நல்ல சாப்பாடு சாப்பிடுகிறேன், இனிக் குளிசை எதற்கு என்று தாங்களாகவே நிறுத்தியவர்களைத் திரும்பக் கட்டிலில் கண்டிருக்கிறேன். ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் அஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் வைத்தியர் சொன்ன காலம் வரை ஒரு நாளும் விடக் கூடாது. பல்லுப் பிடுங்கப் போனாலும் பல் வைத்தியரிடம் ஸ்டென்ட் பற்றிச் சொல்லிவிட்டு, இதய வைத்தியரைக் கேட்டுவிட்டுத்தான்.

இனிக் கச்சான். கச்சான் கொழுப்பு, கச்சான் பித்தம், மாரடைப்புக்காரருக்கு ஆகாது என்பது திருமலையில் வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. கச்சானில் இருக்கும் கொழுப்பில் பெரும்பகுதி பாதாமில் இருப்பது போன்ற நிறைவுறாத கொழுப்பு. புரதம் பாதாமைவிடக் கொஞ்சம் கூட. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வருமானம் குறைந்தவர்களையும் சீனாவின் ஷாங்காய் மக்களையும் பல வருடம் பின்தொடர்ந்தது. வாங்கக் கூடியது என்பதால் அமெரிக்கர்கள் சாப்பிட்டதில் பெரும்பகுதி கச்சான். கொட்டை வகை கூடச் சாப்பிட்டவர்களிடம் இதய நோயால் இறப்பு குறைவாக இருந்தது. இது பார்த்துக் குறித்த ஆய்வு, கொடுத்துச் சோதித்தது இல்லை. கச்சான் சாப்பிடுகிறவர் வேறு நல்ல பழக்கமும் உள்ளவராக இருக்கலாம். ஆனாலும் கச்சான் கெடுதல் என்று சொல்ல இடமே இல்லை. அண்ணாவின் பெட்டி முடிந்ததும் வால்நட்டுக்கு அலைய வேண்டாம், கச்சானே போதும்.

அதில் பார்க்க வேண்டியவை இரண்டு. கோணேஸ்வரத்துக்குப் போகும் வழியிலும் கடற்கரையிலும் சுருளில் வாங்கும் வறுத்த கச்சானில் பெரும்பாலும் உப்பு ஏறியிருக்கும், உதட்டில் வைத்தாலே தெரியும். கோதோடு பச்சையாக வாங்கி வீட்டில் உப்பில்லாமல் அவியுங்கள், அல்லது வெறும் சட்டியில் வறுங்கள். கோதோடு கொடுத்தால் உடைத்து உடைத்துச் சாப்பிட நேரம் எடுக்கும், அளவும் தானாகக் குறையும், அப்பாவின் கைக்கும் ஒரு வேலை. இரண்டாவது, பூஞ்சணம் பிடித்த, கறுத்துச் சுருங்கிய, கசக்கிற பருப்பை வீசிவிடுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலுக்குக் கெடுதல், வறுத்தாலும் முழுதாகப் போகாது. மாரி காலத்தில் சாக்கில் கிடந்த கச்சானில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

தேங்காய்க்கு வருவோம். இங்கே நான் சொல்வது உங்கள் அம்மாவுக்குப் பிடிக்காமல் போகலாம். நூறு கிராம் தேங்காய்ப்பூவில், கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 30 கிராம் அளவில் இருக்கிறது. இதய நோய் உள்ளவருக்கு முழு நாளுக்கும் சொல்லப்படும் எல்லை 13 கிராமுக்குக் கிட்ட. தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியிலேயே 11, 12 கிராம் வந்துவிடும். தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று சுற்றும் காணொளிகளை விடுங்கள். 2020இல் பல சோதனைகளைக் கூட்டிப் பார்த்ததில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது கெட்ட கொலஸ்ட்ரோலை டெசிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில் ஏற்றுகிறது. நல்ல கொலஸ்ட்ரோலையும் கொஞ்சம் ஏற்றுகிறது, ஆனால் அந்த ஏற்றத்தால் மாரடைப்புக் குறையும் என்று யாரும் காட்டவில்லை. நம் பாட்டன்மார் தேங்காய் சாப்பிட்டுத்தானே தொண்ணூறு வரை இருந்தார்கள் என்பார்கள். அவர்கள் வயலிலும் வள்ளத்திலும் வேலை செய்தார்கள், றோல்ஸ் சாப்பிடவில்லை, குழாயில் ஸ்டென்ட்டும் இல்லை.

அதற்காக அடியோடு நிறுத்தச் சொல்லமாட்டேன். அப்படி நிறுத்திய வீடுகளில் இரண்டு கிழமைக்கு மேல் அது தாங்குவதில்லை, பிறகு முன்னையைவிடக் கூடுதலாகத் திரும்பி வருகிறது. நாளைக்கு ஒரு தேங்காய் உடைக்கிற நாலு பேர் வீடு என்றால், முதலில் இரண்டு நாளைக்கு ஒன்று என்று கொண்டுவாருங்கள். காலைச் சம்பலும் மத்தியானப் பால் கறியும் இரவுச் சொதியும் ஒரே நாளில் வேண்டாம், மூன்றில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சொதிக்கு முதற்பால் விடாமல் இரண்டாம் பாலில், தக்காளியும் புளியும் கொஞ்சம் கூட்டி, கடைசியில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்துப் பாருங்கள். மஞ்சள் நிறம் அப்படியே இருக்கும், இடியப்பத்தில் ஊறும், அப்பாவுக்கு முதல் நாள் வித்தியாசம் தெரியும், ஐந்தாம் நாள் மறந்துவிடுவார். கீரையைப் பால் விடாமல் வெங்காயம், பச்சை மிளகாயோடு சுண்டி, இறக்கும்போது ஒரு கரண்டி தேங்காய்ப்பூ தூவினால் வாசம் வந்துவிடும். மீனுக்குப் புளிக் குழம்பு போதும். தாளிக்க நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ சோயா எண்ணெயோ எடுங்கள், சட்டியில் ஊற்றாமல் தேக்கரண்டியால் அளந்து. ஒலிவ் எண்ணெய் வாங்கக் கடன்பட வேண்டாம்.

மீன் விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சூடை, கீரி, நெத்தலி, சூரை என்று இதயத்துக்கு உகந்த எண்ணெய் உள்ள மீனெல்லாம் இங்கே விலை குறைந்தவை. அறுக்குளா வாங்க முடியவில்லையே என்று கவலைப்படாதீர்கள், சூடை அதற்குச் சளைத்தது இல்லை. வேல்ஸில் மாரடைப்பு வந்த 2033 ஆண்களை வைத்து நடந்து 1989இல் வெளியான ஆய்வில், கிழமைக்கு இரண்டு தடவை எண்ணெய் மீன் சாப்பிடச் சொல்லப்பட்டவர்களிடம் இரண்டு வருடத்தில் இறப்பு 29 வீதம் குறைந்தது. அதே குழுவினர் பிறகு நெஞ்சுவலி நோயாளிகளிடம் செய்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றைய குளிசைகள் இல்லாத காலம் அது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே மீன் நல்லது, அது நோயைத் தீர்க்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, குழம்பாகவோ அவித்தோ வாட்டியோ கொடுங்கள். மீன் எண்ணெய்க் குளிகைகளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். கடைகளில் கிடைப்பவை மாரடைப்புக்குப் பிறகு பலன் தருவதாக அண்மைய ஆய்வுகள் காட்டவில்லை, கூடிய அளவில் எடுத்தால் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்தும் இருக்கிறது. இறாலும் கணவாயும் நண்டும் ஒரேயடியாகத் தவிர்க்க வேண்டியவை இல்லை. அவற்றில் கொலஸ்ட்ரோல் இருக்கிறது, நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு, இரத்தத்தில் கொலஸ்ட்ரோலை ஏற்றுவதில் பின்னதற்குத்தான் பங்கு கூட. எப்போதாவது ஒரு நாள் அளவாகக் கொடுக்கலாம், தடித்த பாலில் குளிக்க விடாமல்.

கருவாட்டில்தான் பிரச்சினை. உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம், மட்டமாக ஒரு தேக்கரண்டி. இதை வீட்டில் அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. 400 கிராம் உப்புப் பைக்கற்றை உடைத்த திகதியை அதன் மேலே எழுதி வையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் அது 20 நாளைக்கு வந்தால் எல்லையில் நிற்கிறீர்கள். பாண், பிஸ்கட், கருவாடு, மாசி, ஊறுகாய், சூப் கட்டி வழியாக வரும் உப்பு தனி என்பதால், உண்மையில் ஒரு மாதத்துக்கு மேல் வர வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் முடிகிறது என்றால் அதைக் குறைப்பதுதான் இந்த வீட்டின் முதல் வேலை, பாதாம் அதற்குப் பிறகு. நிலாவெளிப் பக்கம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு உப்பு ஒரு செலவாகவே தெரிவதில்லை. கருவாட்டை ஊறவைத்துக் கழுவினால் உப்புக் கொஞ்சம் இறங்கும், முழுதாக இறங்காது. மாதத்தில் ஒரு தடவை, ஒரு சின்னத் துண்டு, ஆசைக்கு மட்டும். இதயம் இரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைந்திருக்கிறது என்று எக்கோவில் சொல்லியிருந்தால் அதுவும் வேண்டாம், தண்ணீர் அளவையும் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

சோறு பற்றி அதிகம் சொல்ல இல்லை. சிவப்பரிசி, தட்டில் கால்வாசி. பாதித் தட்டு மரக்கறியும் கீரையும். மிச்சக் கால்வாசி மீன், அல்லது பருப்பு, பயறு, கௌப்பி, கடலை. குரக்கன் புட்டும் நல்லதுதான், ஆனால் மாவை விடத் தேங்காய்ப்பூ கூடிப்போனால் பயன் இல்லை. அப்பாவுக்குச் சலரோகமும் இருந்தால் சோற்றின் அளவுதான் அங்கே முதல் கணக்கு. முதல் ஆறு கிழமைக்கு ஒரே தடவையில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள், சிறிது சிறிதாக நாலைந்து தடவை கொடுங்கள். சாப்பிட்ட கையோடு நடக்கவோ மாடி ஏறவோ விட வேண்டாம். மலச்சிக்கல் வந்து முக்குவதும் இதயத்துக்குச் சிரமம். கீரைக்கும் பழத்துக்கும் அங்கேயும் வேலை இருக்கிறது.

சிறுநீரகம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கொட்டை வகையிலும் இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் கூட. மாரடைப்புக்குப் பிறகு எழுதிக் கொடுக்கும் எனலாப்ரில், லொசாட்டன், ஸ்பைரோனோலக்டோன் போன்ற குளிசைகள் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒரு சிறங்கை கச்சானால் ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் பழுதாகியிருந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். நம் மாவட்டத்திலும் பதவிசிறிபுர பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியிருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சலரோகமும் பிரஷரும் பல வருடமாக உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆகவே கிளினிக் புத்தகத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அளவு கூட என்று வட்டம் போட்டிருந்தால் வைத்தியரைக் கேட்கும் வரை பெட்டியைத் திறக்க வேண்டாம், தினமும் செவ்விளநீர் கொடுப்பதையும் நிறுத்துங்கள். உப்புக்குப் பதில் என்று விற்கும் குறைந்த சோடிய உப்பிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது, கேட்காமல் வாங்காதீர்கள். அப்பாவுக்கு இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குளிசை கொடுத்திருந்தால் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் ஒரு நாள் மலைபோல், ஒரு நாள் துளியும் இல்லை என்று மாறி மாறிக் கொடுக்காமல் ஒரே அளவில் கொடுங்கள்.

சந்தேகத்துக்குரியவை என்று ஒரு கூட்டம் இருக்கிறது. வெறும் வயிற்றில் பூண்டு, இஞ்சி எலுமிச்சைச் சாறு, ஆளி விதை, கறுவாத் தூள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சமையலில் போடும் அளவு பூண்டும் இஞ்சியும் தாராளமாகப் போடுங்கள். மருந்தாக எடுத்தால் அடைப்பு நீங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, பூண்டுக் குளிகைகள் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளிசைகளோடு சேர்ந்து இரத்தக் கசிவைக் கூட்டவும் கூடும். முட்டையில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. கிழமைக்கு மூன்று நாலு, அவித்து, என்று நான் சொல்வேன், அது என் கணிப்பு. கச்சான் சூடு, தயிர் குளிர் என்பதை மருத்துவம் அளப்பதில்லை. ஆனால் ஒன்று சாப்பிட்டால் அப்பாவுக்கு வயிறு பொருமுகிறது என்றால் அவர் வயிற்றையே நம்புங்கள், குறைத்துவிடுங்கள். மூதூர்ச் சட்டித் தயிர் எருமைப் பாலில் செய்வது, கொழுப்பு நன்றாகவே இருக்கும், இரண்டு மேசைக்கரண்டி போதும், பாணி வேண்டாம்.

பார்க்க வருகிறவர்கள் பால்மாவும் பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள். வாங்கி வைத்துவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், மனஸ்தாபம் வராது. தேத்தண்ணீரில் சீனியை ஒரு கரண்டிக்குக் கீழே கொண்டுவாருங்கள், பாதாமை மென்றுகொண்டு குடித்தால் சீனி இல்லாமலே இறங்கும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிகரெட்டும் வெற்றிலையோடு போயிலையும் இருந்தால், இவ்வளவு நேரம் நான் எழுதியது எல்லாம் சேர்ந்தாலும் அவற்றை விடுவதற்கு ஈடாகாது. பாக்கை இந்தக் கொட்டை வகைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், சிரிக்காதீர்கள், ஒரு ஐயா உண்மையிலேயே கேட்டார்.

இன்னும் ஒன்று, இது சாப்பாட்டோடு ஒட்டியதுதான். சாப்பிட்ட பிறகு நெஞ்சு இறுக்கினால், இடது கையோ தாடையோ உளைந்தால், காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினால், வாய்வு என்று ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். உட்கார வைத்து, வைத்தியர் கொடுத்திருந்தால் நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையை வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் வலி நிற்காவிட்டால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அந்தக் குளிசை கையில் இல்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம், உடனே அழையுங்கள். முச்சக்கர வண்டி தேடிக்கொண்டு நிற்பதைவிட அது மேல்.

பெட்டியைப் பற்றிக் கடைசியாக: திருமலை வெயிலில் வால்நட் மேசையில் கிடந்தால் சில கிழமையிலேயே எண்ணெய் சிக்கு வாடை வந்துவிடும், அப்படி மணத்தால் கொடுக்காதீர்கள். காற்றுப் புகாத போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஆறு மாதம் தாங்கும். கஜு உப்புப் போட்டு வறுத்ததா என்று பைக்கற்றில் பாருங்கள், போட்டதாக இருந்தால் அதை மற்றவர்கள் சாப்பிடட்டும். அடுத்த முறை அண்ணா என்ன அனுப்ப என்று கேட்டால், கையில் கட்டிப் பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்று கேளுங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவதாக. காலையும் மாலையும் பார்த்துக் கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.